ஆலையை விட்டு பப்பைப் பிடித்துக்கொண்ட குடும்பம்: வான்ஸ்வொர்த் யங்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

தென்மேற்கு லண்டனில் வான்ஸ்வொர்த் என்று ஒரு பகுதி. வாண்டில் என்ற சின்ன ஆறு அங்கேதான் தேம்ஸில் கலக்கிறது. அந்த ஆற்றோரம், ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டி ராம் ப்ரூவரி என்ற பீர் ஆலை இருந்தது. 1831 முதல் அது யங் குடும்பத்தின் கையில். 2006-ல் ஆலையை மூடினார்கள். நிலம் சுமார் 6.9 கோடி பவுண்டுக்குப் போனது. பீர் தொழிலைப் பெட்ஃபோர்டில் இருந்த இன்னொரு குடும்ப ஆலையோடு கூட்டுச் சேர்த்தார்கள். அந்தக் கூட்டில் தங்களுக்கு இருந்த 40 சதவீதப் பங்கை 2011-ல் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது கிடைத்தது 1.51 கோடி. பீர் தொழிலில் இருந்த பங்கைவிட, பீர் காய்ச்சிய இடத்துக்கு நாலு மடங்குக்கும் மேல் விலை!

ஆனால் பப்களை அவர்கள் விற்கவில்லை. இன்றைக்கும் யங்ஸ் லண்டன் பங்குச்சந்தையில் இருக்கிறது, வளமாகவே இருக்கிறது. ஆனால் இப்போது பீர் காய்ச்சுவதே இல்லை.

இதை 'பாரம்பரியத்தை விற்றுத் தின்றவர்கள்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அப்போதே பலர் அப்படித்தான் எழுதினார்கள். என் பார்வை வேறு. ஒரு பீர்க் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது பீரையா, பப்களையா என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே கணக்குப் புத்தகத்தில் இருந்தது. 2006-ல் அதற்கு விடை எழுத வேண்டிய கட்டாயம் வந்தது, அவ்வளவுதான். எந்த ஏற்பாடு அந்தப் பீரை ஒரு காலத்தில் காப்பாற்றியதோ, அதே ஏற்பாடுதான் பின்னால் ஆலையை வேண்டாத சுமையாக்கியது.

கட்டுப்பட்ட பப்

நம் ஊர் ஆள் பப் என்றதும் டாஸ்மாக் பாரையோ, ஐந்து நட்சத்திர ஹோட்டலின் இருட்டு அறையையோ நினைத்துக்கொள்வார். இரண்டும் இல்லை. இங்கிலாந்தில் பப் என்பது தெருவின் பொது வரவேற்பறை மாதிரி. மதியச் சாப்பாடு, சீட்டாட்டம், துக்க வீட்டுக்குப் பிந்தைய கூடல் எல்லாம் அங்கேதான். ஆனால் அந்த வரவேற்பறைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. பெரும்பாலும் அது ஒரு பீர் ஆலையாக இருந்தது.

ஆலை கட்டடத்தை வாங்கும், அல்லது நீண்ட குத்தகைக்கு எடுக்கும். நடத்துவதற்கு ஒருவரை வைக்கும். அவர் ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும், வெளியே வாங்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முறை நாடு முழுக்க வேரூன்றியது. மது விற்கும் உரிமம் கிடைப்பது கடினமாகிக்கொண்டே போனதால், உரிமம் உள்ள கட்டடத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் சந்தையைக் கையில் வைத்திருப்பவர் என்று ஆனது. ஆலைகள் போட்டி போட்டு பப் வாங்கின.

வான்ஸ்வொர்த்தில் இது இன்னும் முன்னாலேயே நடந்துவிட்டது. 1581-லேயே அந்த இடத்தில் ஹம்ஃப்ரி லாங்ரிட்ஜ் என்பவர் பீர் காய்ச்சியதற்குப் பதிவு உண்டு. பிறகு பல கை மாறி, பதினெட்டாம் நூற்றாண்டில் ட்ரிட்டன் குடும்பத்திடம் வந்தது. 1831-ல் சார்ல்ஸ் யங், அந்தோணி பெயின்பிரிட்ஜ் என்ற இருவர் அவர்களிடமிருந்து வாங்கியபோது ஆலையோடு சேர்ந்து சுமார் 80 பப்களும் வந்தன. யங் குடும்பம் முதல் நாளிலிருந்தே பீர்க்காரர் மட்டுமல்ல, நிலபுலன்காரரும்கூட. 1890-ல் அது லிமிடெட் கம்பெனி ஆனது.

ஆலையின் உள்ளே 1835-லும் 1867-லும் நிறுவிய இரண்டு நீராவி எந்திரங்கள் இருந்தன. முற்றத்தில் ஷயர் குதிரைகள், வாத்துகள், ஆலையின் சின்னமான செம்மறிக்கடா. பக்கத்துப் பப்களுக்கு பீப்பாய்கள் கடைசி ஆண்டுகள் வரை குதிரை வண்டியில்தான் போயின. சுற்றுலாக்காரரைக் கவர்வதற்காக என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள், லண்டன் நெரிசலில், குதிரை ஒன்றும் லாரியைவிட மோசமில்லை என்பது ஆலைக்காரர்கள் கட்சி.

நிலவறையில் நடப்பது

பப்பை ஆலையே ஏன் வைத்திருக்க வேண்டும்? காசுக் கணக்கைத் தாண்டி இதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. அது பிடிபட்டால்தான் மற்றதும் பிடிபடும்.

யங்ஸின் சாதாரண பிட்டர் 3.7 சதவீத ஆல்கஹால் உள்ள, இதமான கசப்பு பீர். வாடிக்கையாளர்கள் அதை 'ஆர்டினரி' என்றே கேட்பார்கள். இது பீப்பாயில் உயிரோடு வரும் பீர். வடிகட்டவில்லை, சூடாக்கிக் கிருமி நீக்கவில்லை. ஈஸ்ட் உள்ளேயே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் புளிக்கிறது. 9 கேலன் பீப்பாய் ஒன்றில் 72 பைண்ட், சுமார் 41 லிட்டர். அதை நிலவறையில் அசையாமல் படுக்க வைக்க வேண்டும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு கூழ் முன்பே சேர்த்திருப்பார்கள். அது ஈஸ்ட்டைப் பிடித்து அடியில் படியவைக்கும். மேல் பக்கத் துளையில் காற்று கசியும் மென்மரத் துண்டு ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். அதன் வழியாக நுரை குமிழியிட்டு வெளியே வரும். குமிழி அடங்கியதும் அதை எடுத்துவிட்டு காற்றுப் புகாத கெட்டி மரத்துண்டை வைப்பார்கள். சீக்கிரம் வைத்தால் பீர் பொங்கும், தாமதித்தால் சப்பென்று போகும். நிலவறை 12 டிகிரி அளவில் இருக்க வேண்டும். பீப்பாயைத் திறந்து ஊற்றத் தொடங்கிவிட்டால் உள்ளே காற்று போகும். மூன்று நாளுக்குள் காலி செய்யாவிட்டால் புளிப்பேறிவிடும்.

அதாவது இந்த பீர் ஆலையில் பாதி, பப்பின் நிலவறையில் மீதி தயாராகிறது. நிலவறைக்காரர் சோம்பேறியாக இருந்தால் பீர் காய்ச்சுவதில் மிகச் சிறந்தவரின் வேலையும் வீண். பெயர் கெடுவது ஆலைக்கு. ஆகவே ஆலை நிலவறையின் சாவியைத் தன் கையில் வைத்திருக்க விரும்பியதில் நியாயம் இருக்கிறது.

எல்லாரும் ஒரு பக்கம், ஜான் யங் ஒரு பக்கம்

1960களில் ஆறு பெரிய கம்பெனிகள் சின்ன ஆலைகளை விழுங்கிக்கொண்டிருந்தன. பாஸ், அலைட், விட்பிரெட், வாட்னி, கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாஸில். அவை கெக் பீருக்குத் தாவின. வடிகட்டி, ஈஸ்ட்டைக் கொன்று, உலோகப் பாத்திரத்தில் அடைத்து, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் மேலே தள்ளும் பீர். வாரக்கணக்கில் கெடாது, நிலவறை வித்தை எதுவும் தேவையில்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய ஒரே சரக்கு, நாடு முழுக்க ஒரே சுவை. சுவை சுமார்தான் என்பதைக் குடித்தவர்கள் சொன்னார்கள், விற்றவர்கள் கேட்கவில்லை.

யங்ஸின் தலைவராக ஜான் யங் வந்தது 1962-ல். போரில் கடற்படை விமானியாக இருந்தவர். 'கெக்குக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் காணாமல் போவீர்கள்' என்று தொழிலே சொன்ன காலத்தில் அவர் மாறவில்லை. பீப்பாய் பீரே அவருடைய பப்களில் முதன்மையாக இருந்தது.

பிடிவாதம் மட்டும் இதற்குப் போதாது. தன் பீரை எங்கே விற்பது என்ற கேள்வி அவருக்கு இல்லவே இல்லை. தென் லண்டன் முழுக்க அவருடைய பப்கள். வாட்னியின் விற்பனைப் பிரதிநிதி அங்கே கதவைத் தட்ட முடியாது. கட்டுப்பட்ட பப் முறையைப் போட்டிக்கு எதிரான ஏற்பாடு என்று பொருளாதார நிபுணர்கள் திட்டுவார்கள். ஆனால் அந்த ஏற்பாடு இல்லையென்றால் ஜான் யங்கின் கொள்கை நல்ல நோக்கமாக மட்டுமே நின்று போயிருக்கும்.

1971-ல் பீப்பாய் பீரைக் காக்க கேம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கியது. தலைநகரில் நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் தேடியபோது லண்டனில் மிஞ்சியிருந்த பழைய தனி ஆலைகள் இரண்டே இரண்டு: வான்ஸ்வொர்த்தில் யங்ஸ், ஆற்றுக்கு அக்கரையில் சிஸ்விக்கில் ஃபுல்லர்ஸ். பத்து ஆண்டுக்குள் 'பழைய பாணி'க்காரர் ஜான் யங் முன்னோடியாகிவிட்டார். குளிர்காலத்துக்கென்று அவர்கள் காய்ச்சிய இருண்ட பீர் 'வின்டர் வார்மர்', அக்டோபர் வாக்கில் எப்போது வரும் என்று காத்திருக்கும் கூட்டமே இருந்தது. 1987-ல் ஸ்டெப்னியில் உள்ள யங்ஸ் பப் ஒன்றில் எலிசபெத் அரசியின் தாயார் கவுன்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றிய படம் உலகம் சுற்றியது. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்.

லாம்ப்: சுவரில் இருக்கும் சொத்து

ப்ளூம்ஸ்பரியில் லாம்ப்ஸ் காண்டிட் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. 1577-ல் வில்லியம் லாம்ப் என்ற வணிகர் தன் செலவில் அந்தப் பக்கம் குடிநீர்க் கால்வாயைச் சீர்செய்து கொடுத்தார். அதனால் வந்த பெயர். அங்கே உள்ள லாம்ப் என்ற பப் யங்ஸுடையது, அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்.

உள்ளே லாட வடிவக் கவுன்டர். அதன் மேல், நின்றால் முகத்துக்கு நேராக வரும் உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன மரச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் பூவேலை செய்த மங்கல் கண்ணாடி. நடுவில் அச்சு வைத்து, கதவுபோலத் திருப்பலாம். விக்டோரியா காலத்துக் கனவான், தான் குடிப்பதைப் பரிமாறுபவரோ எதிர்ப்பக்கத்து ஆட்களோ பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண்ணாடியை மூடிக்கொள்வார். கீழே உள்ள இடைவெளி வழியாக காசு போகும், கிளாஸ் வரும். முகம் தெரியாது. வர்க்க வேற்றுமையைத் தச்சு வேலையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிக் கண்ணாடி ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான பப்களில் இருந்தது. 1960, 70களில் பெரிய கம்பெனிகள் பப்களை நவீனமாக்குகிறோம் என்று தடுப்புகளை இடித்து, ஒரே பெரிய கூடமாக்கியபோது பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. லண்டனில் மிஞ்சியவை ஒரு சில.

லாம்பில் தப்பியதற்கு ஒரு காரணம், நிதானமாகச் செலவு செய்த உரிமையாளர். புதிய மோஸ்தருக்காக உடனே இடிக்கும் அவசரம் குடும்ப நிறுவனத்துக்கு இல்லை. லெடன்ஹால் மார்க்கெட்டின் லாம்ப் டாவர்ன், மேஃபேரில் சந்துக்குள் இருக்கும் கினீ, ஹாம்ஸ்டெடின் ஃப்ளாஸ்க் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவை அருங்காட்சியகம் இல்லை, தினம் கல்லா கட்டும் கடைகள். இவற்றின் மனை மதிப்பு 1831-ல் வாங்கியவர்கள் கனவிலும் காணாதது.

கட்டடப் பாரம்பரியம் பப்பில் இருக்கிறது. பார்க்கலாம், தொடலாம், அடமானம் வைக்கலாம். பீரின் பாரம்பரியம் ஒரு செய்முறையிலும் ஈஸ்ட்டிலும் சில ஆட்களின் கைப்பழக்கத்திலும் இருக்கிறது. இரண்டில் எதை வங்கி மதிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு சட்டங்களுக்கு நடுவில்

1989-ல் அரசு பீர் ஆணைகளைக் கொண்டுவந்தது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் அந்த எண்ணுக்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். பெரிய ஆலைகள் பப்களை மொத்தமாக விற்றன. வாங்கியவை சொத்து நிறுவனங்கள். பீர் காய்ச்சாமல், பப்களை மட்டும் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் புதிய ராட்சதர்கள். ஏகபோகத்தை உடைக்க வந்த சட்டம் வேறு பெயரில் ஏகபோகத்தை வளர்த்துவிட்டது.

யங்ஸிடம் இருந்த பப்கள் அந்த எண்ணுக்கு வெகு கீழே. சட்டம் தொடவில்லை. ஆனால் அந்தச் சட்டம் தொழிலுக்கே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது: ஆலை இல்லாமலும் பப் நடத்தலாம், அதில்தான் லாபமும். அதுவரை ஒரே உடலாக நினைத்த இரண்டையும் முதலீட்டாளர்கள் தனித்தனியாக எடை போடத் தொடங்கினார்கள்.

2002-ல் சின்ன ஆலைகளுக்கு வரிச்சலுகை வந்தது. ஆண்டுக்கு 5,000 ஹெக்டாலிட்டர் (5 லட்சம் லிட்டர்) வரை காய்ச்சுபவருக்கு பீர் வரியில் பாதி தள்ளுபடி. புதிய கைவினை ஆலைகள் முளைக்க இது பெரிய உரம். யங்ஸ் அளவுள்ள ஆலைக்கு ஒரு பென்னி கிடையாது. மேலே உலகக் கம்பெனிகளின் விலைக்குறைப்பு, கீழே சலுகை பெற்ற குட்டி ஆலைகள். நடுவில் இருந்த குடும்ப ஆலைகளுக்கு இரண்டு பக்கமும் அடி. பிரிட்டனின் பீர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத நெருக்கடி இதுதான் என்பேன்.

மூடல்

ராம் ப்ரூவரி ஊர் நடுவில் இருந்தது. பழைய கட்டடங்கள், பாதுகாப்புப் பட்டியல் கட்டுப்பாடுகள். நெரிசல் சாலையில் லாரி திரும்ப இடமில்லை. புதிய ஆலை கட்ட வேண்டுமென்றால் வேறிடம் வேண்டும். லண்டனுக்குள் வேறிடம் வாங்கி பீர் காய்ச்சினால் அந்தக் கணக்கு கட்டாது. இதற்கிடையில் சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பி, ஆலை நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. நிறுவனத்தில் வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு என்று இரண்டு வகை. கடிவாளம் குடும்பத்தின் கையில். ஆனாலும் வெளியிலிருந்து பங்கு வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. இத்தனை கோடி மண்ணை இப்படியே போட்டு வைத்திருப்பதா என்று குடைந்தார்கள்.

2006 மே மாதம் அறிவிப்பு வந்தது. பெட்ஃபோர்டில் 1876-ல் தொடங்கிய சார்ல்ஸ் வெல்ஸ் குடும்ப ஆலையோடு கூட்டு. அவர்களுக்கு 60 சதவீதம், யங்ஸுக்கு 40. யங்ஸ் பீர் இனி பெட்ஃபோர்டின் ஈகிள் ப்ரூவரியில். செப்டம்பரில் வான்ஸ்வொர்த்தில் கடைசிக் கொதிப்பு நடந்த அதே வாரம், 17-ஆம் தேதி, ஜான் யங் 85 வயதில் காலமானார். கதை எழுதுபவர் இப்படி முடித்தால் மிகை என்று அடித்துவிடுவோம்.

லண்டனில் அதற்கு முந்தைய பட்டியலையும் பார்க்க வேண்டும். விட்பிரெட் சிஸ்வெல் ஸ்ட்ரீட் ஆலை 1976-ல் மூடியது, ட்ரூமன் 1989-ல், பார்க் ராயலில் கின்னஸ் 2005-ல். யங்ஸ் இந்த வரிசையில் கடைசி ஆட்களில் ஒருவர்.

பெட்ஃபோர்டில் காய்ச்சிய பீர் அதே பீர்தானா? குடித்தவர்கள் இரண்டு கட்சி. தண்ணீரின் உப்புகளைச் சரிசெய்யலாம், கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டும் அதே இடத்தில் வாங்கலாம். ஆனால் பாத்திரத்தின் உயரம் மாறினாலே ஈஸ்ட்டின் நடத்தை மாறும். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு 'இது நம்ம ஆர்டினரி இல்லையே' என்ற புலம்பல் வான்ஸ்வொர்த் பப்களில் ஓயவில்லை.

பிறகு பணம் போன வழி

2010 டிசம்பரில் யங்ஸ் ஜெரோனிமோ இன்ஸ் என்ற 26 பப் கொண்ட நிறுவனத்தை 6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு பீர்ப் பங்கை 1.51 கோடிக்கு விற்றது. 2024-ல் சிட்டி பப் குரூப்பை 16.2 கோடிக்கு வாங்கி முடித்தது. சாப்பாடு, தங்கும் அறைகள், ஆற்றோர மொட்டைமாடி என்று மேல்தட்டுப் பப்காரராக மாறிவிட்டது. முதலாளிக் கண்ணால் பார்த்தால் பழுதில்லாத வேலை.

பீரின் கதை வேறு. சார்ல்ஸ் வெல்ஸ் 2017-ல் தன் ஆலையையும் பீர் பெயர்களையும் மார்ஸ்டன்ஸுக்கு 5.5 கோடிக்கு விற்றது. 2020-ல் மார்ஸ்டன்ஸ் பீர் தொழில் கார்ல்ஸ்பெர்க்கோடு கூட்டானது. பெட்ஃபோர்டு ஆலையை 2022-ல் ஸ்பெயினின் டாம் நிறுவனம் வாங்கியது. 2024-ல் மார்ஸ்டன்ஸும் தன் பங்கைக் கார்ல்ஸ்பெர்க்குக்குக் கொடுத்துவிட்டு விலகியது. இன்று யங்ஸ் பெயர் உள்ள பீர் டென்மார்க் நிறுவனத்துக்குச் சொந்தம். அதற்கு இப்போதைய பெயர் 'லண்டன் ஒரிஜினல்'. லண்டனில் காய்ச்சுவதில்லை. யங்ஸ் பப்பில் போய்க் கேட்டால் அந்த பீர் கிடைக்கும். மற்ற கம்பெனிகளின் சரக்கைப் போல அதையும் வெளியே வாங்கித்தான் விற்கிறார்கள். கூட்டில் 40 சதவீதம் கையில் இருந்தவரைக்கும் பீரைப் பற்றிப் பேச யங்ஸுக்கு வாய் இருந்தது. 2006 முடிவில் எனக்குப் பெரிய குறை இல்லை. 2011 முடிவில் இருக்கிறது. பெயரை உரிமத்துக்கு விட்டு, திரும்ப எடுக்கும் உரிமையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

வான்ஸ்வொர்த் ஆலை நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்டும் முதல் திட்டத்துக்கு அரசு அனுமதி மறுத்தது. பிறகு சீன நிறுவனமான கிரீன்லாண்ட் வாங்கிக் கட்டியது. ராம் குவார்ட்டர் என்று பெயர். வேலை இழுத்துக்கொண்டே போன அந்த ஆண்டுகளில், யங்ஸில் முன்பு வேலை பார்த்த ஜான் ஹாட்ச் என்பவர், கையில் கிடைத்த பாத்திரங்களை வைத்து ஆலை வளாகத்துக்குள் சின்ன அளவில் காய்ச்சிக்கொண்டே இருந்தார். விற்பனைக்கு அல்ல, அந்த இடத்தில் காய்ச்சுவது ஒரு வாரம்கூட அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. 2021-ல் பாட்டர்ஸியிலிருந்து சாம்புரூக்ஸ் என்ற புதிய ஆலை அங்கே குடிவந்தது. சங்கிலியைப் பிடித்து வைத்திருந்தது குடும்பமும் இல்லை, பங்குதாரரும் இல்லை, ஒரு பழைய ஊழியர்.

லூயிஸ், சிஸ்விக்: இரண்டு ஒப்பீடு

பப் கையில் இருந்தால் பீர் தானாகப் பிழைக்கும், பப் போனால் பீர் போகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் முடியாது. சஸ்ஸெக்ஸில் லூயிஸ் என்ற சிற்றூர். ஊஸ் ஆற்றங்கரையில் ஹார்வீஸ் ஆலை, 1790-ல் தொடங்கிய குடும்பம், இன்றும் அவர்கள் கையில். சுமார் ஐம்பது பப்கள்தான். 1881-ன் கோபுரக் கட்டடத்தில், தண்ணீரும் மால்ட்டும் உச்சிக்கு ஏறி, ஒவ்வொரு தளமாகத் தானே இறங்கி பீராகும். ஈஸ்ட் 1957-ல் யார்க்ஷயரின் ஜான் ஸ்மித்ஸ் ஆலையிலிருந்து வாங்கியது. அதே வம்சத்தை இன்னும் வளர்க்கிறார்கள்.

ஊருக்குள் லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற பப் அப்போது கிரீன் கிங் என்ற பெரிய ஆலைக்குச் சொந்தம். அங்கேயும் ஹார்வீஸ் பீர்தான் அதிகம் ஓடியது. 2006 டிசம்பரில், யங்ஸ் மூடி மூன்று மாதத்தில், கிரீன் கிங் அந்த பீரை எடுத்துவிட்டுத் தன் சரக்கை வைத்தது. சட்டப்படி முழு உரிமை. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று மறியல் செய்தார்கள், உள்ளே போகவில்லை. 133 நாள். 2007 ஏப்ரலில் கம்பெனி இறங்கி வந்து ஹார்வீஸைத் திரும்ப வைத்தது.

வான்ஸ்வொர்த்தில் ஏன் இப்படி நடக்கவில்லை? அங்கேயும் வருத்தம் இருந்தது, மனுக்கள் இருந்தன. ஆனால் லூயிஸில் பீர் எடுக்கப்பட்டது, ஆலை ஐந்து நிமிட நடையில் உயிரோடு இருந்தது. திரும்பக் கேட்க ஒரு பொருள் இருந்தது. வான்ஸ்வொர்த்தில் பப்பும் திறந்திருந்தது, பீரும் அதே பெயரில் வந்துகொண்டிருந்தது. எதை மறியல் செய்வது? அப்புறம், லூயிஸ் ஆலை நிலத்துக்கு 6.9 கோடி கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதும் உண்மை.

சிஸ்விக் ஃபுல்லர்ஸ் நீண்ட நாள் எதிர் உதாரணமாகக் காட்டப்பட்டது. 1845-ல் ஃபுல்லர், ஸ்மித், டர்னர் என்ற மூன்று பெயரில் அமைந்த கூட்டு. லண்டன் பிரைடு என்ற பீர் அவர்களுடையது. யங்ஸ் போன பிறகு லண்டனின் ஒரே பெரிய பழைய குடும்ப ஆலை என்ற மகுடம் அவர்கள் தலையில். ஆனால் அதே ஃபுல்லர்ஸ் 2005-ல் ஹாம்ப்ஷயரின் கேல்ஸ் என்ற குடும்ப ஆலையை 9.2 கோடிக்கு வாங்கி, பப்களை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டே ஆலையை மூடியது. 2019 ஜனவரியில் தன் முறையும் வந்தது. பீர் தொழில் மொத்தமும் ஜப்பானின் அசாஹிக்கு 25 கோடி பவுண்டுக்குப் போனது. பப்கள் ஃபுல்லர்ஸிடமே. ஒரு வித்தியாசம்: ஆலையை அசாஹி நடத்துகிறது, லண்டன் பிரைடைச் சிஸ்விக்கில்தான் காய்ச்சுகிறார்கள். 2024-ல் கிரீனிச்சில் இருந்த மீன்டைம் ஆலையை மூடி அந்த பீரையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். பீருக்காகப் பார்த்தால், கூட்டுச் சேர்ந்து தேய்ந்துபோன யங்ஸைவிட, நல்ல விலைக்கு நேராக விற்ற ஃபுல்லர்ஸின் வழி மேல் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடும்ப அபிமானிகளுக்கு இது கசக்கும்.

இந்தக் கணக்கு இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்டில், 1872 முதல் இருக்கும் ஆட்னம்ஸ் 2024-ல் கடன் நெருக்கடியில் ஆலோசகர்களை அமர்த்தியபோது, அடுத்தது இவர்கள்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் சில சொத்துகளை விற்றுக் கடனைக் குறைத்து, காய்ச்சுவதைத் தொடரும் வழியை எடுத்தார்கள். யங்ஸ் ஆலையை விற்று பப்பைக் காத்தது. இவர்கள் கட்டடத்தை விற்று ஆலையைக் காக்கப் பார்க்கிறார்கள். சவுத்வோல்டில் ஆலை நிலத்தின் விலை லண்டன் விலை இல்லை என்பதும் இதில் ஒரு பங்கு.